கல்யாண மண்டபத்துக் கருங்கண்ணாடி

போன ஆவணியிலிருந்து தை வரைக்கும் நானும் என் வீட்டுக்காரரும் முன்பின் தெரியாத நான்கு கல்யாணங்களுக்குப் போய்வந்தோம். நான்கு ஆல்பங்களிலும் நாங்கள் நிற்கிறோம். அவர் வெள்ளைச் சட்டையில், நான் ஒரே மயில்கழுத்துப் பட்டுப்புடவையில். அவற்றில் மூன்று ஜோடிகளுக்குப் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, இது யாரு என்று விரல் வைத்துக் கேட்டால் பதில் சொல்ல அந்த வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். பெண் வீட்டார் எங்களை மாப்பிள்ளை வீடு என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைத்தார்கள். நாங்களோ மண்டபத்து முற்றத்தில் கொட்டியிருந்த கூழாங்கல்லைப் பார்க்கப் போனவர்கள்.

எர்ணாவூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் எனக்கு எடைமேடையில் வேலை. லாரி வந்து மேடையில் நிற்கும். நான் கூண்டுக்குள்ளிருந்து எடையைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பேன். பத்தொன்பது வருஷமாக அதுதான். வீடு ராயபுரத்தில், சர்ச்சுக்குப் பின்தெருவில். வீட்டுக்காரர் பேசின் பிரிட்ஜில் ரயில் பெட்டிகளின் பிரேக் பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் பொய் வராது. எங்கள் இருவருக்கும் அதுவரை பொழுதுபோக்கு என்று ஒன்று கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை, மீன், மதியத் தூக்கம்.

ஒரு நாள் வியட்நாமிலிருந்து அலங்காரக் கூழாங்கல் ஏற்றிய கண்டெய்னர் வந்தது. தோட்டத்தில், செடித்தொட்டியைச் சுற்றி, ஓட்டல் வாசலில் எல்லாம் பரப்புகிறார்களே, அந்தக் கல். மூட்டைகளை இறக்கும்போது ஃபோர்க்லிஃப்டின் கொம்பு ஒரு மூட்டையில் ஏறிவிட்டது. கல் தரையெல்லாம் ஓடியது. வண்டி ஓட்டுபவர் வியாசர்பாடிக்காரர், என்னைவிட நான்கைந்து வயது சின்னவர். சாப்பாட்டு வேளையில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர். கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவர் ஒரு கல்லோடு என் கூண்டுக்கு வந்தார்.

"யக்கா, இத்தப் பாரு. கல்லு மாரியும் கீது, கல்லு இல்லாத மாரியும் கீது."

கையில் வாங்கினேன். கரிக்கட்டைக் கறுப்பு. மேலெல்லாம் அம்மை வடு மாதிரி சின்னச் சின்னக் குழிகள். ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் வாலாக ஒடுங்கி, சொட்டப்போன எண்ணெய் சொட்டாமல் நின்றுவிட்டது போன்ற உருவம். இருக்கும் அளவுக்குக் கனம் இல்லை. எடையிலேயே காலம் தள்ளியவளுக்கு அது உடனே தெரியும். மொபைல் டார்ச்சை அடித்து வாலருகே பிடித்தேன். அந்த ஒல்லியான இடம் மட்டும் டீக்கடை டிகாஷன் நிறத்தில் ஒளிர்ந்தது. அது கல் இல்லை, கண்ணாடி.

கூட்டிய கல்லையெல்லாம் சேதாரமாக எழுதியாயிற்று, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சரக்கை விடுவிக்க வந்திருந்த கிளியரிங் ஆள் சொன்னார். எடுத்துக்கொண்டேன். ஃபோர்க்லிஃப்ட் தம்பி தனக்கு வேண்டாம் என்றார். பிள்ளைகள் விழுங்கிவிடும் என்று அவருக்குப் பயம்.

கல் பிரியர்களுக்கென்று பேஸ்புக்கில் ஒரு குழு இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். படம் போட்டேன். நான் வேலை முடித்துப் பஸ் ஏறுவதற்குள் எங்கெங்கோ இருந்து பதில் வந்து குவிந்துவிட்டது. டெக்டைட் என்றார்கள். சுமார் எட்டு லட்சம் வருஷத்துக்கு முன்னால் கிழக்கே எங்கோ ஒரு பெரிய விண்கல் விழுந்திருக்கிறது. விழுந்த வேகத்தில் அங்கிருந்த மண் உருகி, குழம்பாகி, காற்றுமண்டலத்தையும் தாண்டி மேலே தெறித்திருக்கிறது. பறக்கும்போதே இறுகிக் கண்ணாடியாகி, சொட்டாகவும் பொத்தானாகவும் வியட்நாம் முதல் ஆஸ்திரேலியா வரைக்கும் மழையாகக் கொட்டியிருக்கிறது. இவ்வளவு செய்த அந்த விண்கல் எந்த இடத்தில் விழுந்தது, அந்தக் குழி எங்கே, என்பது இன்றைக்கும் யாருக்கும் உறுதியாகத் தெரியாதாம்.

இதைப் படித்ததும் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட ஒன்று என் சாப்பாட்டுப் பையில், ரசம் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பஸ் டோல்கேட்டைத் தாண்டியதும் தெரியவில்லை, ராயபுரத்தைத் தாண்டியதும் தெரியவில்லை. பாரிமுனையில் கண்டக்டர் வந்து கடைசி ஸ்டாப் என்றார். அவரிடமும் கல்லைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார், பாவம்.

வீட்டுக்காரரிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டார். "அப்போ இது வானத்துலேர்ந்து வந்தது இல்ல. இங்கேர்ந்து மேல போயி, திரும்பி வந்தது. அப்டித்தானே?" ஆமாம் என்றேன். "ரிட்டர்ன் டிக்கெட்டு" என்றார். அவர் மனசில் இடம் பிடித்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

உண்மைதானா என்று பார்க்க வேண்டும் அல்லவா. இரும்பு ஆலைக் கசடும் இப்படித்தான் கறுப்பாக, கண்ணாடியாக இருக்கும். ஆனால் கனமாக இருக்கும். மறுநாள் தொண்டியார்பேட்டையில் தெரிந்த நகைக்கடைக்குப் போய், தங்கம் நிறுக்கும் தராசைக் கொஞ்சம் கொடுங்கள் என்றேன். கடைக்காரர் அடகுக்கு வந்திருப்பதாக நினைத்து உள்ளே உட்காரச் சொன்னார். கல் இருபத்துநாலரை கிராம். பிறகு தராசின்மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, பூஜ்ஜியமாக்கி, கல்லை நூலில் கட்டி அடியில் இடிக்காமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். தராசு பத்து கிராம் காட்டியது, அது கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. இருபத்துநாலரையைப் பத்தால் வகுத்தால் இரண்டரைக்குக் கொஞ்சம் கீழே, சாதாரணக் கல்லுக்கு இதைவிடக் கூட வரும். குழுவில் சொன்ன கணக்கு அச்சாக வந்தது. கடையிலேயே கைதட்டிவிட்டேன். நாற்பது டன் லாரியை எடை போட்டபோதெல்லாம் வராத சந்தோஷம்.

அப்புறம் ஒரு கல்லூரியின் நிலவியல் துறையில் கேட்டேன். அங்கே இருந்த ஆசிரியை, என் வயதுதான் இருக்கும், மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். உள்ளே தெரிந்த குமிழ்களை எனக்கும் காட்டினார். ஆமாம், இது அதுதான் என்றார். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "இன்னும் இருக்குமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எங்களைக் கல்யாணம் கல்யாணமாக அலைய வைத்தது.

ஒரு மூட்டையில் ஒன்று இருந்தால், மற்ற மூட்டைகளில்? கூட்டிவைத்த கல்லில் வேறு எதுவும் இல்லை. மீதி மூட்டைகள் எங்கே போயின என்று லாரி டிரைவரைப் பிடித்துக் கேட்டேன். திருவொற்றியூரில் புதிதாகத் திறந்த ஒரு கல்யாண மண்டபத்துக்கு என்றார். மண்டபத்தின் முற்றத்தில் நீரூற்றைச் சுற்றியும், இரண்டு பக்கச் சுவரோரமும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்களாம்.

ஒரு சனிக்கிழமை போனேன். கேட் பூட்டியிருந்தது. மேனேஜர் விசேஷ நாளில்தான் வருவார், அன்றைக்கு வந்து பேசுங்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். சரி என்று அடுத்த முகூர்த்தத்தன்று மாலை, வரவேற்பு நேரமாகப் பார்த்து இரண்டு பேரும் கிளம்பினோம். மேனேஜரிடம் அனுமதி கேட்பது, கிடைத்தால் தேடுவது, அவ்வளவுதான் திட்டம். வாசலில் பன்னீர் தெளித்தார்கள். சந்தனம் கொடுத்தார்கள். யாரோ ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்து, ஏன் இவ்வளவு லேட்டு என்று மேடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். மேனேஜர் ஜெனரேட்டர் ஓடவில்லை என்று ஓடிக்கொண்டிருந்தார். அவரை நிறுத்திப் பேச முடியவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு, வெறுங்கையோடு வந்ததற்கு வெட்கப்பட்டு, சாப்பிடாமல் திரும்பினோம்.

அடுத்த முறை வீட்டுக்காரர் சுவர்க்கடிகாரம் ஒன்று வாங்கி வண்ணத்தாளில் சுற்றிக்கொண்டார். பரிசு கொடுக்காமல் அடுத்தவர் கல்யாணத்தில் நுழைய மாட்டேன் என்றார். மேனேஜரைப் பார்த்து ஒரே வார்த்தையில் கேட்டேன், முற்றத்துக் கல்லைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று. அவர் காதில் போன், கையில் சாவிக்கொத்து. பாருங்க பாருங்க என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

பார்க்கலாம் என்றால் எடுக்கலாம் என்று அர்த்தமா? இல்லை என்றார் என் வீட்டுக்காரர். நான் நீரூற்று ஓரத்தில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தினேன். நனைந்த கல்லில் தேடுவது சுலபம். மற்ற கற்கள் வழவழவென்று மின்னும், இது குழிகளில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அடர்த்தியாகக் கறுத்திருக்கும். அரை மணி நேரத்தில் ஒன்று அகப்பட்டது. பொத்தான் போல வட்டம். என்னையறியாமல் கத்திவிட்டேன். தோடு தொலைந்துவிட்டதாக்கும் என்று நான்கு பெண்கள் ஓடிவந்து கூடத் தேட ஆரம்பித்தார்கள். என் காதில் இரண்டு தோடும் இருப்பதை ஒருத்தி பார்க்கும்வரை தேடினார்கள்.

வீட்டுக்காரர் அதை வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. முறையாகக் கேட்டு, கொடுத்தால்தான் நம்முடையது என்றார். அதனால் அந்தப் பொத்தானை முற்றத்து மூலையில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டிக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு வந்தோம். மூன்றாவது கல்யாணத்தில் இன்னொன்று கிடைத்தது. நடுவில் இடுப்பு ஒடுங்கி, இரண்டு முனையும் உருண்டு, கர்லாக்கட்டை போல. அதுவும் தொட்டிக்கு அடியில் போயிற்று. அதற்கும் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தோம். கடைக்காரருக்கு எங்களை அடையாளம் தெரிந்துவிட்டது. உங்க சொந்தத்துல நிறைய கல்யாணம் போல என்றார்.

இடையில் எனக்குப் பொறுக்கவில்லை. ஐரோப்பாவில் கிடைக்கும் பச்சை டெக்டைட் என்று இணையத்தில் ஒன்று வாங்கினேன். பாசி போல, புதினா போல அத்தனை அழகு. யார்டுக்குக் கொண்டுபோய்ப் பெருமையாகக் காட்டினேன். ஃபோர்க்லிஃப்ட் தம்பி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "யக்கா, இது பீர் பாட்டிலு" என்றார். புதிதாக வாங்கியிருந்த சின்னத் தராசில் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மேடைமேல் நின்ற லாரிக்கு நான் சீட்டு அடிக்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

நான்காவது கல்யாணம் தை மாதத்தில். அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் மணலியிலிருந்து வர வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் வழியெல்லாம் அடைத்துக்கொண்டு நின்றதில் அவர்கள் வேன் நடுவில் மாட்டிக்கொண்டது. இங்கே பெண் மட்டும் அலங்காரம் முடித்து உட்கார்ந்திருந்தாள். மேளக்காரர்கள் ஒரு தரம் வாசித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். வந்தவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. எல்லார் கண்ணும் எதையாவது தேடிக்கொண்டிருந்தது. இது தெரியாமல் நான் குரோட்டன்ஸ் தொட்டியைச் சாய்த்து, அடியில் கைவிட்டு, எங்கள் இரண்டு கற்களும் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்தேன்.

பெண்ணின் தாய்மாமா பார்த்துவிட்டார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல உயரம், குரலும் அதற்கேற்றாற்போல். நேரே வந்து என் வீட்டுக்காரர் முன்னால் நின்றார்.

"நீங்க பொண்ணு வூட்டுப் பக்கமா, மாப்ள வூட்டுப் பக்கமா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த பரிசுக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார், "கல்லு பக்கம்."

என்ன என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் சுற்றிவளைத்தார்கள். யாரோ நகையை எண்ணிப் பாருங்கள் என்று உள்ளே குரல் கொடுத்தார். எனக்கு அழுகை வர வேண்டிய நேரம். வந்தது சிரிப்பு. முகத்தைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தேன். அது அவர்களுக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. மேனேஜர் ஓடிவந்தார். இப்போதுதான் முதல்முறையாக அவர் கையில் போன் இல்லாமல் என் எதிரில் நின்றார்.

சொல்லிவிட்டேன். கண்டெய்னரிலிருந்து ஆரம்பித்து, எட்டு லட்சம் வருஷம், தெறித்த மண், காணாமல்போன குழி, மூன்று கல்யாணம், இரண்டு கடிகாரம், பூந்தொட்டி வரைக்கும் ஒன்றுவிடாமல். சொல்லும்போது என் கை தானாக அந்தக் கர்லாக்கட்டைக் கல்லை எடுத்து டார்ச்சின்மேல் வைத்தது. இடுப்பில் டிகாஷன் நிறம் ஏறியது. தாய்மாமா அதைப் பிடுங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மேனேஜரையும் பார்க்கச் சொன்னார்.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு மணப்பெண் வந்தாள். தலையில் பூச்சடை, கழுத்தில் பத்து வரிசை, கால்வரை ஜரிகை. விஷயத்தைக் கேட்டாள். கல்லைக் கையில் வாங்கினாள். "மாமா, அவங்க வர இன்னும் ஒரு மணி நேரம் ஆவும்னு சொல்றாங்க. நானும் தேடறேன்" என்றாள்.

தோழிகள் தடுத்தார்கள். அழகுநிலையப் பெண் கெஞ்சினாள். அவள் கேட்காமல் நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்து போன் டார்ச்சைப் போட்டாள். அவ்வளவுதான், மண்டபமே முற்றத்துக்கு வந்துவிட்டது. நான் நடுவில் நின்று, குழி இருக்க வேண்டும், பளபளக்கக் கூடாது, கையில் எடுத்தால் கனம் குறைந்திருக்க வேண்டும் என்று கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தேன். பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்கள் மண்டியிட்டார்கள். சமையல் ஆள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கல்மேல் ஊற்றினார். மேளக்காரர்கள் டீ டம்ளரோடு வந்து இடது பக்கச் சுவரோரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆளாளுக்குக் கல்லை நீட்டினார்கள். இல்லை, இல்லை, இதுவும் இல்லை என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் "ஆமாம்" வந்தது நாதஸ்வரக்காரருக்கு. அவர் அதை உயர்த்திக் காட்டியதும் எழுந்த கூச்சலைக் கேட்டு, மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று வாசலில் பட்டாசைக் கொளுத்திவிட்டார்கள்.

மாப்பிள்ளை உண்மையாகவே வந்தபோது வரவேற்க ஒருவரும் இல்லை. பன்னீர்ச் செம்பு மேசையில் தனியாக இருந்தது. கோட்டுசூட்டோடு உள்ளே நுழைந்தவர் கண்டது, தான் கட்டிக்கொள்ளப் போகிற பெண் உட்பட ஐம்பது அறுபது பேர் தரையைப் பார்த்துக் குனிந்து நிற்பதை. இன்னா ஆச்சு என்றார். பெண் நிமிர்ந்து, மண் ஒட்டிய மருதாணிக் கையில் ஒரு சொட்டுக் கல்லை நீட்டி, "சீக்கிரம் கோட்டைக் கழட்டிட்டு வாங்க, அந்த மூலைய இன்னும் யாரும் பாக்கல" என்றாள். கழற்றிவிட்டு வந்தார்.

மொத்தம் ஏழு கிடைத்தன. தொட்டிக்கு அடியில் இருந்ததோடு ஒன்பது. மேனேஜர் அப்போதுதான் விழித்துக்கொண்டு, இதெல்லாம் முதலாளிக்குச் சொந்தம் என்றார். அதுவும் நியாயம்தான். முதலாளிக்குப் போன் போட்டார்கள். அவர் எதுவும் கொடுக்க முடியாது என்றார். மணப்பெண் போனை வாங்கி என்ன பேசினாளோ, ஐந்து நிமிஷத்தில் மனம் மாறிவிட்டார். மூன்று மண்டபத்துக்கு, மீதி ஆறும் கண்டெடுத்தவர்களுக்கு. அப்படித்தான் கர்லாக்கட்டையும் பொத்தானும் முறைப்படி எங்கள் வீட்டுக்கு வந்தன. அன்றைக்குத்தான் அந்த மண்டபத்தில் முதல்முறையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். தாய்மாமாவே பக்கத்தில் நின்று, எங்கள் இலையில் இரண்டாவது தடவையும் பால்கோவா வைக்கச் சொன்னார்.

மண்டபத்துக்காரர்கள் தங்கள் மூன்றையும் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, "விண்கல்" என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். அது விண்கல் இல்லை, விண்கல் அடித்து உருகிய நம் பூமி மண் என்று இரண்டு முறை எடுத்துச் சொன்னேன். அவ்வளவு நீளத்துக்குப் போர்டில் இடமில்லை என்றார் மேனேஜர். கல்லூரி ஆசிரியை ஒரு வேலை நாளில் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். என்னைப் பேசச் சொன்னார். எழுதி எடுத்துப் போயிருந்தேன். கல்லு பக்கம் என்ற இடம் வந்ததும் சிரிப்பு பிடித்துக்கொண்டது, மேலே படிக்க முடியவில்லை. மிச்சத்தை என் வீட்டுக்காரர் படித்தார், ஸ்டேஷனில் அறிவிப்பு சொல்வது போல.

தாய்மாமாவுக்குத்தான் இன்னும் தெளியவில்லை. காசிமேட்டில் நடை போகும்போதெல்லாம் கறுப்பாக எதைப் பார்த்தாலும் படமெடுத்து அனுப்புகிறார். போன வாரம் ஒன்று வந்தது. தார் கட்டி என்று எழுதினேன். உடனே போனில் கூப்பிட்டார்.

"நல்லா பாத்தியாம்மா?"

மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். தார்தான். ஆனாலும் தராசையும் டம்ளரையும் எடுத்துவைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எடுத்துக்கொண்டு வாருங்கள், நிறுத்துப் பார்த்துவிடுவோம் என்றேன்.